துணிகளை நீக்கிவிட்டு

பெய்ரூட் அலுவலகம் அனுப்பிய குறிப்பில்
மூன்றே வரி:
பேனல்கள் பளிச்சென்று தெரியட்டும்.
வானம் நீலமாக இருக்கட்டும்.
கொடித்துணி வேண்டாம்.

திரிப்போலி, மீனா, மீன் சந்தைக்குப் பின்தெரு.
ஐந்து மாடி.
லிஃப்ட் இரண்டு வருடமாக மூன்றாம் மாடியில்
வாய் பிளந்து நிற்கிறது,
உள்ளே யாருடையவோ வெங்காய மூட்டை.
முக்காலியைத் தோள்மாற்றித் தோள்மாற்றி
ஏறிப் போனேன்.

மொட்டைமாடி இப்போது மொட்டையாக இல்லை.
எட்டுப் பேனல் நுஹாத்துடையது
(இரண்டு வளையலும் ஒரு பழைய காரும் போன விலை).
ஆறு பேனல் பத்ரீயுடையது.
நடுவில் நுஹாத்தின் தண்ணீர்த் தொட்டி.
மூன்று மணிக்கு மேல் அதன் நிழல்
பத்ரீயின் கடைசிப் பேனலில் ஏறி
உட்கார்ந்துகொள்ளும்.
ஆகவே அவர்களுக்குள் பேச்சு இல்லை.
அன்று நான் கிடைத்தேன்.

"அவளிடம் சொல்,
தொட்டி ஒரு முழம் நகர்ந்தால் என் மீன் கெடாது."
"அவரிடம் சொல்,
சூரியனை ஒரு முழம் நகர்த்திக்கொள்ளட்டும்."

நான் லென்ஸைத் துடைத்தேன்.

கண்ணாடியில் வானம் விழுந்தது.
கூடவே நானும்,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவோடு.
இரண்டடி தள்ளி நின்றால் ஒரு புறா.
இன்னும் தள்ளி நின்றால்
எதிர்வீட்டின் குண்டு துளைத்த சுவர்,
துளைகள் எல்லாம் நீலத்தில் மிதக்கின்றன.
அழகாகத்தான் இருந்தது.
அது குறிப்பில் இல்லை.

நுஹாத் காபி கொண்டுவந்தாள்.
"கரண்ட் நள்ளிரவில் ஒரு மணி நேரம் வந்த காலத்தில்
திருடியைப் போல எழுந்து
இருட்டில் தடவி இஸ்திரி போட்டிருக்கிறேன்.
ஒரு கையில் சட்டை, ஒரு கண்ணில் தூக்கம்.
பார், இது தழும்பு."
மணிக்கட்டைக் காட்டினாள்.
படம் எடுக்கலாமா என்றேன்.
"சீ, அதையா?" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு.
இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு நிலைத்தது.
காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்:
"மெஷின் போட வேண்டும், வெயில் வீணாகிறது!"

கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் ஒரு நடுக்கம்.
கீழ்வீட்டு வாஷிங் மெஷின்.
பிறகு பக்கத்துக் கட்டிடம், அதற்கடுத்தது.
தெரு முழுக்க
மூடிய ஜன்னல்களுக்குள் ஏதோ சுழன்றுகொண்டிருந்தது.

ஒரு மணிக்கு ஜன்னல்கள் திறந்தன.
முதலில் கைகள்.
பிறகு, கிளிப்பைப் பல்லில் கடித்த வாய்கள்.
பிறகு துணி:
ஆஸ்பத்திரிப் பச்சை, பள்ளிச் சீருடை,
ஒன்பதாம் எண் ஜெர்சி,
துண்டுக்குப் பின்னால் ஒளித்த உள்ளாடை,
ஒரு கல்யாணத்து மேசைவிரிப்பு.
சொட்டச் சொட்ட நனைந்த காஅக் ரொட்டிக்காரர்
மேலே பார்த்துத் திட்டிக்கொண்டே
வண்டியை நகர்த்தினார்,
வழக்கமான இடத்திலிருந்து வழக்கமான இடத்துக்கு.

துவைத்ததும் இந்த வெயில்.
உலர்த்தப்போவதும் இந்த வெயில்.

எதிர்வீட்டு மூன்றாம் மாடிக் கொடி மட்டும் காலி.
அங்கே பேனல் இல்லை,
ஜெனரேட்டர்காரரிடம் இரண்டரை ஆம்பியர்,
விளக்குக்கும் விசிறிக்கும் சரியாகப் போகும்.
அந்த வீட்டுப் பெண் ஜன்னலில் சாய்ந்து
தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என்னையும் பார்த்தாள்.

பேனல்களுக்கு முதுகைக் காட்டி
முக்காலியைத் திருப்பினேன்.

இரண்டையும் அனுப்பினேன்:
தெருவை ஒன்று, கேட்டதை ஒன்று.
கேட்டது அட்டையில் வந்தது.
வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள்.
துணிகளை வெட்டியிருந்தார்கள்,
ஆனால் இடது ஓரத்தில்
காற்று தூக்கிய ஒரு சட்டைக்கை தப்பிவிட்டது.

இரவு நுஹாத்திடமிருந்து குரல் செய்தி:
"அது பத்ரீயின் சட்டை!
என் எட்டுப் பேனலுக்கு மேலே
அவருடைய கை!
நீயே அவரிடம் சொல்,
நான் பேசுவதில்லை."

தொட்டி நகர்ந்ததா என்று கேட்டேன்.
பதிலுக்கு ஒரு படம் வந்தது,
கலங்கலாக, விரல் பாதி மறைத்து.
தொட்டி அங்கேயேதான் இருக்கிறது.
அதன்மேல் ஒரு ஈரப் போர்வை.